நாடு வளர்ந்தால் தற்கொலை கூடுமா, குறையுமா?

மார்ச் 2, காலை 7.10 – கீழ்வானம்

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி உயர் வருமான நாடுகளில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 10.9. உலகச் சராசரி 9.0. மேல்-நடுத்தர வருமான நாடுகளில் 7.3. 183 நாடுகளையும் தலா வருமானத்தோடு எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், கோடு லேசாக மேலே ஏறுகிறது. ஆக, வளர வளரத் தற்கொலை கூடுகிறது. செல்வம் வந்தால் உறவு அறுந்துபோகும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள்.

மார்ச் 2, இரவு 9.25 – அளவுகோல்

எண்ணோடே வருகிறேன்.

அதே அட்டவணையில் நீங்கள் சொல்லாமல் விட்ட இரண்டு எண்கள் இருக்கின்றன. குறைந்த வருமான நாடுகள் 9.9, கீழ்-நடுத்தர வருமான நாடுகள் 10.1. ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக வைத்தால் 9.9, 10.1, 7.3, 10.9. இது ஏறுகிற கோடு இல்லையே. மூன்றாவது படியில் பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தக் குழுவின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி சீனா. சீனாவின் எண் இறங்கினால் குழுவின் சராசரியும் கூடவே இறங்கும். நாளை உலக வங்கி சீனாவை உயர் வருமானப் பட்டியலுக்கு மாற்றினால், ஒரு ஆள்கூட அதிகமாகவோ குறைவாகவோ சாகாமல் உங்கள் முடிவு தலைகீழாகும்.

அடுத்தது, ஆணையும் பெண்ணையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். ஆண்களின் விகிதம் மிக உயரமாக இருப்பது உயர் வருமான நாடுகளில், லட்சத்துக்கு 16.5. பெண்களின் விகிதம் மிக உயரமாக இருப்பது கீழ்-நடுத்தர வருமான நாடுகளில், 7.1. "செல்வம் வந்தால் உறவு அறுந்துபோகும்" என்றால் பெண்களுக்கு மட்டும் அது ஏன் வேறு இடத்தில் உச்சம் தொடுகிறது?

மூன்றாவதுதான் என்னை உண்மையில் உறுத்துகிறது. நம்பத் தகுந்த இறப்புப் பதிவு இருப்பது 80 நாடுகள் அளவில்தான். மிச்ச நாடுகளின் எண்ணை யாரும் எண்ணி எடுக்கவில்லை. புள்ளியியல் மாடல் போட்டு ஊகித்தது. உலக சுகாதார நிறுவனமும் உலக நோய்ச்சுமை ஆய்வும் (நோயையும் மரணத்தையும் நாடுவாரியாக மதிப்பிடும் பன்னாட்டு ஆய்வு) அந்த மாடலுக்குள் தலா வருமானத்தையே ஒரு உள்ளீடாகக் கொடுக்கின்றன. வருமானத்தை வைத்து ஊகித்த எண்ணை எடுத்து மறுபடி வருமானத்தோடு ஒப்பிட்டால் அங்கே தெரிவது மாடல் எழுதியவரின் அனுமானம். நாட்டைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

மார்ச் 3, காலை 6.40 – அளவுகோல்

நேற்றைய கடைசிப் பத்தியில் இரண்டு நிறுவனங்களையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன். வருமானமும் கல்வியும் நேரடியாக உள்ளீடாகப் போவது உலக நோய்ச்சுமை ஆய்வின் மாடலில். பதிவு இல்லாத நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் அந்த ஆய்வின் மதிப்பீட்டைத் தழுவி எடுத்துக்கொள்கிறது, பதிவு உள்ள நாடுகளுக்குத் தானே கணக்கிடுகிறது. சுற்றுவழியில் வந்தாலும் சிக்கல் அதேதான். ஆனாலும் வாசகம் தவறு, அதனால் திருத்துகிறேன்.

மார்ச் 3, இரவு 10.05 – கீழ்வானம்

சீனா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். சரி, முறையாகச் செய்வதென்றால் எப்படிச் செய்வது? "தரவு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் அது பதில் ஆகாது.

மார்ச் 4, இரவு 8.50 – அளவுகோல்

நியாயம். வரிசையாகச் சொல்கிறேன், எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்து.

முதலில் நாடுகளைக் கழியுங்கள். உலக சுகாதார நிறுவனம் நாடுவாரியாகத் தரவின் தரத்தையும் குறிக்கிறது. பதிவுத் தரம் உயர்ந்தவற்றை மட்டும் வையுங்கள். பட்டியல் பாதிக்குக் கீழே வரும், அதில் ஆப்பிரிக்கா ஏறக்குறைய காணாமல் போகும். மனம் வருத்தும் இழப்புதான். ஆனால் இல்லாத எண்ணை இருப்பதாகக் காட்டுவதைவிட வெற்றிடத்தைக் காட்டுவது நேர்மை.

அடுத்து வயது. எல்லா நாட்டுக்கும் ஒரே வயதுப் பங்கீடு என்று வைத்துக்கொண்டு விகிதத்தைக் கணக்கிடுவதைத்தான் வயதைச் சீராக்குவது என்கிறோம். தற்கொலை விகிதம் வயதுக்கு வயது மாறும், பணக்கார நாடுகளில் முதியவர்கள் அதிகம். வயதைச் சீராக்காமல் ஒப்பிட்டால் வித்தியாசத்தில் ஒரு பங்கு வயதால் வருவதாகவே இருக்கும். தென் கொரியாவின் 2019 கணக்கைப் பாருங்கள். சீராக்காத விகிதம் 28.6, சீராக்கியது 21.2. ஒரே நாடு, ஒரே ஆண்டு, இடைவெளி ஏழுக்கு மேல். லெசோத்தோவில் நேர்மாறு, 72.4 என்பது சீராக்கினால் 87.5 ஆகும், ஏனென்றால் அங்கே இளையவர்கள் அதிகம். ஒரு நாட்டுக்குச் சீராக்கியதும் இன்னொரு நாட்டுக்குச் சீராக்காததும் கலந்துபோவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. செய்தித்தாள் வரைபடங்கள் பாதி இதில்தான் விழுகின்றன.

பிறகு சின்ன நாடுகள். மூன்று லட்சம் பேர் உள்ள நாட்டில் ஒரு ஆண்டில் 30 இறப்பு என்றால் விகிதம் 10. ஆனால் 30 என்ற எண்ணிக்கை தற்செயலாகவே 20-க்கும் 43-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். விகிதத்தில் சொன்னால் 6.7 முதல் 14.3 வரை. ஒரே ஆண்டைப் பிடித்துக்கொண்டு "இரட்டிப்பானது" என்று எழுதக் கூடாது. ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள்.

வருமானத்துக்கு உலக வங்கியின் தலா உள்நாட்டு உற்பத்தியை, வாங்கும் திறன் சமநிலையில், நிலையான விலையில் (நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு உள்ள விலைவாசி வேறுபாட்டை நீக்கி) எடுத்து மடக்கையில் (லாக்) போடுங்கள். தலைக்கு ஆயிரம் டாலர் இரண்டாயிரம் ஆவதும் இருபதாயிரம் நாற்பதாயிரம் ஆவதும் அப்போதுதான் ஒரே அகலத்தில் விழும். மடக்கை எடுக்காமல் போட்டால் லக்சம்பர்க் மாதிரி இரண்டு மூன்று நாடுகள் வலது ஓரத்தில் நின்று கோட்டை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கடைசியாக, இதையெல்லாம் செய்து முடித்த பிறகு அந்தப் படத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். 2019-இல் இந்த நாடு பணக்கார நாடு, அந்த நாடு ஏழை நாடு என்பதைத்தான் அது சொல்லும். "வளர்ந்தால்" என்ன ஆகும் என்பது உங்கள் கேள்வி. அதற்கு ஒவ்வொரு நாட்டையும் அதனோடேயே, காலத்தில் ஒப்பிட வேண்டும். புள்ளிகளை விட்டுவிட்டு நாட்டுக்கொரு கோடாக வரையுங்கள்.

மார்ச் 5, பிற்பகல் 1.15 – ஈரநிலம்

நுழைவதற்கு மன்னிக்கவும். இறப்புச் சான்றிதழ்களுக்குக் குறியீடு போடும் பக்கம் உள்ளவர்கள் இதை வேறு கோணத்தில் பார்ப்பார்கள்.

மரணக் காரணங்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் தற்கொலை என்பது எக்ஸ்60 முதல் எக்ஸ்84 வரை, பின்விளைவாக நேர்ந்தால் ஒய்87.0. அதற்கு அடுத்த வீட்டில் ஒய்10 முதல் ஒய்34 என்று ஒன்று இருக்கிறது, நோக்கம் உறுதியாகாதவை. காவல்துறை அறிக்கை வரவில்லை, மருத்துவர் எழுதத் தயங்கினார், குடும்பம் கெஞ்சியது என்றால் அந்த மரணம் அங்கே போய் உட்காரும். அதுவும் இல்லையென்றால் விபத்து. அதுவும் இல்லையென்றால் காரணம் தெரியாத ஆர்99. இங்கிலாந்தும் வேல்சும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் ஒய்10–ஒய்34 மரணங்களையும் தற்கொலையோடு சேர்த்தே வெளியிடுகின்றன. பல நாடுகள் சேர்ப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது ஒப்பீடு அங்கேயே கோணலாகிவிடுகிறது.

இன்னொன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2018 ஜூலை வரை, தற்கொலை என்று தீர்ப்பளிக்க மரண விசாரணை அதிகாரிக்குக் குற்ற வழக்குக்கு உரிய அளவு உறுதி வேண்டியிருந்தது. அதன்பின் உரிமையியல் வழக்குக்கு உரிய அளவு போதும் என்று மாறியது. வேலையின்மை, வருமானம் எதுவும் மாறாவிட்டாலும் எண் மாற இது ஒன்றே போதும்.

இப்போது உங்கள் இழையின் கேள்விக்கு வருகிறேன். நாடு வளரும்போது என்ன நடக்கிறது? பதிவு அலுவலகம் வருகிறது, மருத்துவர் வருகிறார், பிணக்கூறாய்வு வருகிறது. முன்பு "வயிற்றுவலி" என்று புதைத்த மரணம் இப்போது சரியான குறியீட்டில் விழுகிறது. வளர்ச்சியோடு தற்கொலை கூடியதாகத் தெரிவதில் ஒரு பங்கு, எண்ணத் தொடங்கியதால் வந்தது. தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றமாக இருக்கும் நாட்டில் இந்த மறைப்பு இன்னும் அடர்த்தி.

மார்ச் 5, இரவு 9.30 – அளவுகோல்

ஈரநிலம் சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான குறிப்பு என்பேன். இதை எண்ணில் காட்ட இந்தியா நல்ல எடுத்துக்காட்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2010 எண்ணிக்கை 1,34,599. பத்து லட்சம் மரண ஆய்வு வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த அதே ஆண்டின் மதிப்பீடு, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் மட்டுமே சுமார் 1,87,000. காப்பகத்தின் 2022 அட்டவணையில் கேரளம் 28.5, பீகார் 0.6. ஏறக்குறைய ஐம்பது மடங்கு. இதில் வளர்ச்சியின் பங்கு எவ்வளவு, காவல் நிலையப் பதிவேட்டின் பங்கு எவ்வளவு என்று அந்த அட்டவணையை மட்டும் வைத்து யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் வீடுவழி ஆய்விலும் தென் மாநிலங்கள் உயர்ந்தே நின்றன. ஆகவே எல்லாமே பதிவுக் கோளாறு என்று ஒதுக்கவும் முடியாது.

மார்ச் 6, இரவு 11.20 – கீழ்வானம்

பதிவுத் தரம் பார்த்துக் கழித்தேன். வயது சீராக்கியதை எடுத்தேன். மடக்கையில் போட்டேன். ஏறிய கோடு படுத்துவிட்டது. நாட்டுக்கொரு கோடு வரைந்தால் நூல்கண்டு சிக்கியதுபோல இருக்கிறது, ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. அப்படியானால் வளர்ச்சிக்கும் தற்கொலைக்கும் தொடர்பே இல்லையா?

மார்ச் 7, இரவு 8.15 – அளவுகோல்

தொடர்பு இருக்கிறது. ஒரே குறியில், ஒரே திசையில் இல்லை, அவ்வளவுதான். அந்தச் சிக்கலிலிருந்து சில நூல்களை உருவி எடுத்துப் பார்ப்போம்.

சீனா. 1995–99 காலத்துக்கான மதிப்பீடு லட்சத்துக்கு 23. கிராமத்தில் நகரத்தைப்போல மூன்று மடங்கு, பெண்களுக்கு ஆண்களைவிட நான்கில் ஒரு பங்கு அதிகம். உலகத்தில் வேறெங்கும் காணாத அமைப்பு அது. அடுத்த இருபதாண்டில் உலகம் கண்ட மிக வேகமான வளர்ச்சிகளில் ஒன்று, விகிதமோ பத்துக்குக் கீழே இறங்கியது. இளம் பெண்கள் கிராமத்தைவிட்டு நகரத்துக்கு வேலைக்குப் போனார்கள். வீட்டுச் சண்டையிலிருந்தும் வயல் நஞ்சிலிருந்தும் ஒரே நேரத்தில் விலகினார்கள்.

தென் கொரியா இதற்கு எதிர்த்திசை. 1997-இல் 13 அளவில் இருந்தது, ஆசிய நிதி நெருக்கடியில் 1998-இல் 18-ஐத் தாண்டியது, 2000-இல் மறுபடி 14-ஐ ஒட்டி வந்தது. அங்கே நின்றிருந்தால் கதை எளிது. பொருளாதாரம் மீண்டு வளர்ந்த காலத்தில்தான் விகிதம் ஏறி 2011-இல் 31.7 ஆனது. 80 வயதைத் தாண்டியவர்களிடையே லட்சத்துக்கு 100-ஐயும் கடந்தது. தேசிய ஓய்வூதியம் தொடங்கியதே 1988-இல், எல்லோருக்கும் விரிந்தது 1999-இல். அதற்குள் முதுமை அடைந்துவிட்ட தலைமுறைக்குப் போதிய சந்தா ஆண்டுகள் இல்லை. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், பழைய ஏற்பாடு போய்விட்டது, புதிய ஏற்பாடு வந்து சேரவில்லை. இந்த இடைவெளியில் விழுந்தவர்கள்தான் அந்த எண்கள். எனக்கு இந்தத் தலைப்பிலேயே மனதை மிகவும் பிசைவது இதுதான். அந்த நாட்டைக் கட்டியெழுப்பியவர்களே இவர்கள்.

ஜப்பானில் 1997-இல் 24,391 பேர், 1998-இல் 32,863. ஒரே ஆண்டில் 35 சதவீதம். நடுவயது ஆண்கள், கடன், வேலையிழப்பு, சிறுதொழில் முறிவு. 2003-இல் 34,427 என்று உச்சம் தொட்டது. பிறகு 2019-இல் 20,169. கவனியுங்கள், இந்த இறக்கத்தின்போது ஜப்பான் பொருளாதாரம் பாய்ச்சல் எதுவும் காட்டவில்லை. மாறியது வேறு. 2006-இல் தற்கொலைத் தடுப்பு அடிப்படைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் கடன் தொழில் சட்டம் திருத்தப்பட்டு 2010-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அடமானமில்லாத கடன் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, வட்டி உச்சவரம்பு 29.2 சதவீதத்திலிருந்து 15–20 சதவீதத்துக்கு இறங்கியது. எவ்வளவு பங்கு இதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம்தான். ஆனால் வளர்ச்சி இல்லாமலே விகிதம் இறங்க முடியும் என்பதற்கு ஜப்பான் சாட்சி.

ரஷ்யா: 1990-இல் 26 அளவு, 1994-இல் 42. சோவியத் ஒன்றியம் உடைந்த காலம். பொருளாதாரச் சரிவுக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு கிடையாது. ஆனால் அதற்கு முன்னாலேயே, 1985-இல் மதுவுக்கு எதிரான இயக்கம் தொடங்கியபோது விகிதம் சட்டென்று இறங்கியது. அப்போது வருமானம் மாறவில்லை, சாராயம்தான் மாறியது. ஹங்கேரி அதே காலத்தில், பொதுவுடைமையிலிருந்து சந்தைக்கு மாறும் அதே மாற்றத்தைக் கடந்தது, அங்கே 1980-களின் நடுவில் 45-ஐத் தொட்டிருந்த விகிதம் வேலையின்மை பெருகிய 1990-களிலும் இறங்கிக்கொண்டே இருந்தது.

பின்லாந்தில் வேலையின்மை 1990-இல் 3 சதவீதம், 1994-இல் 16-க்கு மேல். தற்கொலை விகிதம் 1990-இல் 30 என்ற உச்சத்திலிருந்து இறங்கியது. அங்கே வேலையிழந்தவருக்கு உதவித்தொகை இருந்தது, 1986 முதல் நாடு தழுவிய தடுப்புத் திட்டமும் ஓடிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் 1999-இல் 10.5, 2018-இல் 14.2. 2008–09 சரிவைத் தவிர அந்தக் காலத்தில் நாடு வளர்ந்தது.

இதை வைத்து நான் வந்து சேரும் இடம் இது. வருமானத்தின் அளவு அதிகம் சொல்வதில்லை. மாற்றத்தின் வேகம் சொல்கிறது, அந்த மாற்றத்தில் கடனோடு மாட்டியவர் யார் என்பது சொல்கிறது, விழுபவரைப் பிடிக்க ஏதாவது இருந்ததா என்பது சொல்கிறது.

மார்ச் 8, காலை 7.00 – அளவுகோல்

ஜப்பானை எடுப்பவர்களுக்கு: அங்கே இரண்டு தொடர்கள் உண்டு. நேற்று நான் கொடுத்தவை காவல்துறை எண்கள். அது வெளிநாட்டினரையும் சேர்க்கும், உடல் கிடைத்த இடத்தை வைத்து எண்ணும். சுகாதார அமைச்சகத்தின் எண் ஜப்பானியரை மட்டும், வசிப்பிடத்தை வைத்து எண்ணும், சற்றுக் குறைவாக வரும். ஒரு ஆண்டுக்கு இதையும் மறு ஆண்டுக்கு அதையும் எடுத்தால் இல்லாத சரிவு ஒன்று முளைக்கும்.

மார்ச் 8, இரவு 10.40 – கீழ்வானம்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம் 1897-லேயே இதைச் சொல்லிவிட்டாரே? வறுமை காக்கிறது, செழிப்பு குலைக்கிறது என்று.

மார்ச் 9, இரவு 9.10 – அளவுகோல்

அவர் சொன்னதில் ஒரு பாதி இன்றும் நிற்கிறது, ஒரு பாதி விழுந்துவிட்டது.

நிற்பது: திடீர் மாற்றம் எந்தத் திசையிலானாலும் ஆபத்து. 1873 வியன்னா நிதி முறிவை மட்டும் அவர் காட்டவில்லை. 1870-க்குப் பின் இத்தாலியில் கூலியும் வணிகமும் உயர்ந்தபோதும் தற்கொலை ஏறியதைக் காட்டினார். கொரியாவைப் பார்க்க அவர் உயிரோடு இருந்திருந்தால் தலையசைத்திருப்பார்.

விழுந்தது: வறுமை காக்கும் என்பது. தென் இத்தாலியின் கலாப்ரியா போன்ற ஏழைப் பகுதிகளில் தற்கொலை குறைவு என்பதிலிருந்து ஏழைகள் காக்கப்படுகிறார்கள் என்று அவர் தாவினார். ஏழை வட்டாரத்தைப் பற்றிய செய்தி ஏழை மனிதரைப் பற்றிய செய்தி ஆகாது. 1950-இல் சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் இதை எழுத்தறிவை வைத்துக் காட்டினார். அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம், ஆனால் ஆள்வாரியாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு எழுத்தறிவு குறைவு. குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கினார்கள், அவ்வளவுதான்.

நம் தலைப்பிலும் இதே சறுக்கல்தான். பணக்கார நாட்டின் விகிதம் உயரமாக இருக்கலாம். ஆனால் அந்த நாட்டுக்குள் ஆள்வாரியாகப் பார்த்தால் வேலையிழந்தவர், கடன்பட்டவர், குறைந்த வருமானத்தவர் பக்கம்தான் ஆபத்து கனக்கிறது. கீழ்வானத்தின் முதல் பதிவில் "செல்வம் வந்தால் உறவு அறுந்துபோகும்" என்ற வரி இந்தப் பள்ளத்தில்தான் விழுந்தது. நாட்டின் செல்வத்தை ஆளின் செல்வமாக வாசித்த பிழை அது.

மார்ச் 10, இரவு 8.30 – அளவுகோல்

அப்படியானால் ஏழைக்குக் கையில் பணம் கிடைத்தால் என்ன ஆகும்? அதை நேரடியாகச் சோதித்த வேலைகள் உண்டு.

இந்தோனேசியாவின் நிபந்தனையோடு கூடிய பண உதவித் திட்டம் வட்டாரம் வட்டாரமாக, வெவ்வேறு ஆண்டுகளில் விரிந்தது. முதலில் வந்த வட்டாரத்தையும் பிந்தி வந்த வட்டாரத்தையும் ஒப்பிட்டார்கள். ஆண்டு விகிதம் லட்சத்துக்கு 0.36 இறங்கியது. கேட்கச் சின்னதாக இருக்கும், அங்கே அது 18 சதவீதம். அமெரிக்காவில் 1990–2015 காலத்தில் மாநிலக் குறைந்தபட்சக் கூலி ஒரு டாலர் ஏறியபோது, பள்ளிப்படிப்போடு நின்றவர்களிடையே விகிதம் 3.4 முதல் 5.9 சதவீதம் குறைந்தது. அதிகம் படித்தவர்களிடையே அந்த இறக்கம் இல்லை. கூலி யாரைத் தொடுகிறதோ அவர்களிடம் மட்டும் தெரிந்ததால்தான் நான் இதை நம்புகிறேன்.

ஐரோப்பாவின் 26 நாடுகளை 1970 முதல் 2007 வரை பார்த்த 2009 ஆய்வின் எண்ணைப் பலர் தப்பாக எடுத்தாள்கிறார்கள். வேலையின்மை ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் 65 வயதுக்குட்பட்டவர்களின் தற்கொலை 0.79 சதவீதம் ஏறுகிறது. 0.79 புள்ளி இல்லை, சதவீதம். ஐந்து கோடிப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். விகிதம் 12 என்றால் ஆண்டுக்கு 6,000 மரணம். அதில் 0.79 சதவீதம் 47 பேர். வேலையின்மை ஐந்து புள்ளி ஏறினால் 237 பேர். புள்ளியாக எடுத்தால் ஒரு புள்ளிக்கே 395 என்று வரும், எட்டு மடங்கு பிழை. அதே ஆய்வில் வேலை தேடித் தருவதற்கும் பயிற்சிக்கும் அரசு அதிகம் செலவிட்ட நாடுகளில் இந்தத் தொடர்பு மங்கிப்போனது. பின்லாந்து விதிவிலக்காக ஏன் தெரிந்தது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

மார்ச் 11, பிற்பகல் 2.05 – ஈரநிலம்

இலங்கையை யாரும் எடுக்கவில்லையே? 1995-இல் லட்சத்துக்கு 47, உலகின் உச்சங்களில் ஒன்று. 2005-இல் 24. போர் நடந்துகொண்டிருந்தது, வேலையின்மை இருந்தது. 1995-இல் மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளுக்குத் தடை, 1998-இல் எண்டோசல்ஃபானுக்கு, 2008-க்குப் பின் இன்னும் மூன்றுக்கு. விளைச்சல் சரியவில்லை. பொருளாதாரக் காரணங்களை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இந்த இறக்கத்தைக் காணவே மாட்டோம்.

மார்ச் 11, இரவு 9.45 – அளவுகோல்

ஆம், விட்டது என் தவறு. இதுவும் வளர்ச்சிக் கதைதான், ஆனால் வேறு வாசல் வழியாக. வேளாண்மை நவீனமாகும்போது, வீட்டுக்குள் கொடிய நஞ்சு வந்து உட்கார்கிறது. மருத்துவமனை இன்னும் வரவில்லை. பல முயற்சிகள் சில நிமிடக் கொந்தளிப்பில் நடப்பவை. அந்த நிமிடத்தில் கைக்கெட்டுவது எவ்வளவு கொடியது என்பதே பிழைப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது, பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. வளர்ச்சியின் ஒரு கட்டம் இந்த ஆபத்தைக் கொண்டுவந்து வைக்கிறது, அடுத்த கட்டம் எடுத்துப் போகிறது. கொரியாவில் 2011-இல் 31.7 ஆக இருந்தது 2012-இல் 28.1 ஆனதிலும் பாராக்வாட் என்ற களைக்கொல்லியின் தடைக்குப் பங்கு உண்டு.

மார்ச் 12, இரவு 10.20 – அளவுகோல்

மார்ச் 4-இல் வயதைச் சீராக்கச் சொன்னேன். அதற்கு ஒரு விலை இருக்கிறது, இப்போதுதான் உறைக்கிறது.

சீராக்குவதற்காக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் நிலையான மக்கள்தொகையில் 0–14 வயதினருக்கு 26 சதவீத எடை. 80-க்கு மேற்பட்டவர்களுக்கு 1.5 சதவீதம். அதாவது 80-ஐத் தாண்டியவர்களிடையே விகிதம் லட்சத்துக்கு 100 ஆக இருந்தாலும் சீராக்கிய மொத்தத்தில் அது சேர்ப்பது ஒன்றரைதான். கொரிய முதியவர்களின் துயரம் முழுவதும் அந்த ஒன்றரைக்குள் சுருங்கிவிடுகிறது. நாடுகளை ஒப்பிடச் சீராக்கியதை எடுங்கள். ஆனால் பக்கத்திலேயே வயதுவாரி விகிதத்தை, குறைந்தது 15–29, 30–49, 50–69, 70-க்கு மேல் என்று நான்கு கோடாகப் போடுங்கள், ஆண் பெண் தனியாக. எட்டுக் கோடு. வளர்ச்சி யாரை விட்டுவிட்டுப் போனது என்பது அங்கேதான் தெரியும்.

மார்ச் 13, காலை 6.55 – நிலாமுற்றம்

பத்து நாளாகப் படிக்கிறேன். எண்கள் நெஞ்சை அடைக்கின்றன. ஒரு ஆளுக்கு இது என்ன சொல்கிறது?

மார்ச் 13, காலை 8.10 – அளவுகோல்

தனி ஆளைப் பற்றி இந்த எண்கள் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் லட்சம் பேருக்கான சராசரி. கடன்பட்டவர்களிலும் வேலையிழந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோர் அந்தக் காலத்தைக் கடந்து வாழ்கிறார்கள். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று எழுதுவது தவறு என்பதும் இதனால்தான். "கடனால் இறந்தார்" என்ற தலைப்பு நோயை, சண்டையை, தூக்கமின்மையை, கிடைக்காமல் போன உதவியை எல்லாம் அழித்துவிடுகிறது.

இந்த இழையைப் படிக்கிற யாருக்காவது மனம் அந்தப் பக்கம் சாய்ந்தால், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமோ மருத்துவரிடமோ உங்கள் ஊரின் உதவி எண்ணிலோ இன்றே வாய்திறந்து சொல்லுங்கள். நிலாமுற்றம், உங்களுக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

மார்ச் 15, இரவு 9.00 – கீழ்வானம்

எட்டுக் கோடு வரைந்தேன். என் முதல் பதிவின் முடிவைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு கேள்வி பாக்கி. வருமானத்தையும் விகிதத்தையும் ஒரு நாட்டுக்குள் 30 ஆண்டுக்குப் போட்டால் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு, உச்சம் 1) 0.9 வரை வருகிறதே, அது நிஜமா?

மார்ச் 15, இரவு 10.35 – அளவுகோல்

பெரும்பாலும் இல்லை. இரண்டு தொடரும் ஏதோ ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருந்தால் சம்பந்தமே இல்லாவிட்டாலும் ஒட்டுறவு உயரும். பொருளியலாளர்கள் கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-இல் எழுதியது இதைத்தான். அளவுகளை விட்டுவிட்டு ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தை எடுங்கள்: இந்த ஆண்டு கழித்தல் போன ஆண்டு, இரண்டு பக்கமும். அந்த 0.9 பல நாடுகளில் காணாமல் போகும். எஞ்சி நிற்பதைப் பின்தங்கலோடும் பாருங்கள், வேலையின்மை இந்த ஆண்டு ஏறினால் விகிதம் இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா என்று.

2020-ஐத் தனியாக வையுங்கள். பொருளாதாரம் சரிந்த அந்த ஆண்டின் முதல் மாதங்களில் 21 நாடுகளைப் பார்த்த ஆய்வில் பொதுவான ஏற்றம் தெரியவில்லை. ஜப்பானில் பெண்களிடையே ஆண்டின் பிற்பகுதியில் ஏறியது. உங்கள் தொடரின் கடைசி இரண்டு ஆண்டுகளைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். விசாரணை முடிந்து பதிவாகப் பல மாதங்கள் ஆகும், அதுவரை அந்த மரணங்கள் ஆர்99-இல் காத்துக்கிடக்கும். உங்கள் கோடு கடைசியில் இறங்குவதாகத் தெரிந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.